வேலூர் பக்கம் இலை நிறம் மாறுவதைப் பார்க்கக் கூட்டமாக எந்த மலைக்குப் போகலாம்?

சத்துவாச்சாரிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே படித்துவிட்டுப் போகிற ஆள்தான் நான், எழுதுவது இதுதான் முதல் தடவை. மூணு வருஷமாக என் சித்தப்பா பெண் கனடாவிலிருந்து அக்டோபர் வந்தால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படமாகப் போட்டுத் தள்ளுகிறாள். மலை முழுக்க சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், நடுவில் இவர்கள் பத்துப் பதினைந்து பேர் வரிசையாக முதுகில் பையோடு நடந்து போகிறார்கள். என் அம்மா அந்தப் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு "மரமெல்லாம் தீப்பிடிச்ச மாதிரி இருக்கே, நம்ம ஊர்ல இது கிடையாதா" என்று கேட்டார். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு.

சரி, நம்ம பக்கத்திலேயே போய்ப் பார்க்கலாம் என்று தீபாவளி முடிந்த கையோடு அமிர்தி பக்கம் போனோம். பச்சை. எங்கே பார்த்தாலும் பச்சை. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் ஒரு இலைகூட நிறம் மாறியிருக்கவில்லை. பையன் (வயது 9) "இலையுதிர் காலம்னு புக்ல இருக்கே, எப்பப்பா வரும்" என்று கேட்கிறான், எனக்கும் பதில் தெரியவில்லை.

ஆக என் கேள்வி இதுதான். ஜவ்வாது மலை, ஏலகிரி, பர்வதமலை, எதுவானாலும் சரி, இலை பழுத்து நிறம் மாறுவது உண்மையிலேயே நடக்கிறதா, நடந்தால் எந்த மாதம்? நாங்கள் நாலு குடும்பம், மொத்தம் 14 பேர். மாமனாருக்கு 61 வயது, இடது முட்டி வலி, ஆனால் வீட்டில் உட்கார வைக்க முடியாது, கிளம்பிவிடுவார். இதற்கு முன்னால் கூட்டமாக மலை ஏறிய அனுபவம் யாருக்கும் இல்லை. காட்டுக்குள் போக அனுமதி வாங்க வேண்டுமா? வழிகாட்டி கிடைப்பார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டை அகழி:

தலைவரே, நீங்கள் வேலூர்தானா? "சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை" என்று நம்ம ஊரைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். 1981-இல் ஜலகண்டேஸ்வரரை மறுபடி கோயிலுக்குள் கொண்டுவந்து வைத்ததால் முதல் குறை தீர்ந்தது. மற்ற மூணும் அப்படியேதான் இருக்கின்றன. மரமே இல்லாத மலையில் எந்த இலை நிறம் மாறும்? சத்துவாச்சாரி மலையைத் தினம் பார்க்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா.

நமக்குத் தெரிந்த காலம் ரெண்டு. வெயில் காலம், கடும் வெயில் காலம்.

ஒடுகத்தூர் புளிக்காரர்:

மேலே தம்பி சொல்வது ஊருக்குள் இருக்கிற பாறை மலைக்குப் பொருந்தும். ஜவ்வாது மலை வேற கதை. புளி, கடுக்காய் வாங்குவதற்காக முப்பது வருஷத்துக்கு மேல் அந்த மலையில் ஏறி இறங்கியவன் நான், படிப்பு கம்மி, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

இலை நிறம் மாறுகிறது. கட்டாயம் மாறுகிறது. நீங்கள் போன மாதம்தான் தப்பு. அங்கே அக்டோபரில் குளிர் வந்து, பகல் குறைந்து, அதனால் இலை பழுக்கிறது. இங்கே அக்டோபர், நவம்பர் என்பது நமக்கு மழை. ஐப்பசி அடைமழையில் எந்த மரமாவது இலையை உதறுமா? நம்ம காட்டு மரத்துக்குப் பயம் குளிர் இல்லை, தாகம். கார்த்திகையோடு மழை நிற்கிறது, மார்கழிப் பனியில் கொஞ்ச நாள் ஓட்டுகிறது, தை பிறந்ததும் மண்ணில் ஈரம் இறங்கிவிடும், அப்போது மரம் கணக்குப் போட ஆரம்பிக்கும். இலை இருந்தால் அது வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், அதனால் உதறிவிட்டு வெறும் குச்சியாக நின்றுகொள்கிறது.

பொங்கல் முடிந்து மலைக்குப் போனால் அடிவாரத்திலிருந்தே நிறம் கெட ஆரம்பித்திருக்கும். கெட என்று நாங்கள் சொல்வோம், உங்களுக்கு அதுதான் அழகு. தேக்கு பெரிய இலை, பழுப்பு மஞ்சளாகிப் பிறகு பட்டென்று விழும், காற்றே இல்லாத மத்தியானத்தில் ஆள் நடந்து வருகிற மாதிரி சத்தம் கேட்கும், முதல் தடவை கேட்கிறவன் திரும்பித் திரும்பிப் பார்ப்பான். வேங்கை மஞ்சளாகும். சந்தன மரம் மட்டும் பச்சையாகவே நிற்கும், அதற்கு வேறு மரத்தின் வேரில் உறிஞ்சிக் குடிக்கத் தெரியும். ஓடை ஓரம் இருக்கிற மரங்களும் கடைசி வரை பச்சைதான். ஒரு மேட்டில் ஏறி நின்று பார்த்தால் காடு முழுக்கத் தவிட்டு நிறம், அதன் நடுவில் பச்சைக் கோடு வளைந்து வளைந்து போகும், ஓடை எங்கே ஓடுகிறது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். எனக்கு அந்தக் காட்சிதான் பிடிக்கும். உங்கள் கனடா படத்தில் இது இருக்காது.

ஆனால் ஒன்று. மலை முழுக்கச் சிவப்புக் கம்பளம் விரித்திருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாந்து திரும்புவீர்கள். நம்ம பக்கம் பழுத்த இலை பெரும்பாலும் மஞ்சளும் பழுப்பும்தான். சிவப்பு வேண்டுமென்றால் தளிரைப் பாருங்கள். அரச மரத்தில் புதுத் தளிர் செம்பு நிறத்தில் மினுமினுக்கும், இலுப்பைத் தளிர் அதைவிட அடர்த்தியான சிவப்பு. அங்கே சாகிற இலை சிவப்பு, இங்கே பிறக்கிற இலை சிவப்பு. தேக்கின் இளந்தளிர் கிடைத்தால் பையனிடம் கொடுத்துக் கையில் கசக்கச் சொல்லுங்கள், உள்ளங்கை மருதாணி வைத்த மாதிரி ஆகிவிடும்.

வழி: வேலூரிலிருந்து அணைக்கட்டு, ஒடுகத்தூர், ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர். முட்டி வலிக்காரரை வண்டியிலேயே உட்கார வைத்து இந்த ரோட்டில் கூட்டிப்போனாலே பாதி நிறம் ஜன்னல் வழியாகக் கிடைத்துவிடும். செக்போஸ்டில் நிறுத்துவார்கள். சந்தன மலை, அதனால் அரிவாள், கத்தி எதுவும் வண்டியில் இருக்க வேண்டாம். தேங்காய் உடைக்க என்று எடுத்துப் போய் அரை நாள் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

புலவர் ஐயா:

புளிக்காரர் எழுதியதைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பையன் கேட்டது மிக நல்ல கேள்வி. இலையுதிர் காலம் என்பது பாடப்புத்தகத்தில் மேல்நாட்டு நாலு பருவத்தைச் சொல்லும்போது வந்து சேர்ந்த பேச்சு. நம்ம முன்னோர் வருஷத்தை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தார்கள். ஆவணி புரட்டாசி கார், ஐப்பசி கார்த்திகை கூதிர், மார்கழி தை முன்பனி, மாசி பங்குனி பின்பனி, சித்திரை வைகாசி இளவேனில், ஆனி ஆடி முதுவேனில். இதில் இலை விழுகிறது என்பதற்காக ஒரு பொழுது ஒதுக்கவே இல்லை. மழை, குளிர், பனி, வெயில், இவ்வளவுதான் கணக்கு. புளிக்காரர் சொல்கிற இலை உதிர்வு முன்பனியின் கடைசியில் தொடங்கிப் பின்பனி முழுக்க நடக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள், நம்ம பேச்சில் இலை நிறம் மாறுவதில்லை, பழுக்கிறது. பழம் பழுப்பது மாதிரி. விழுந்து காய்ந்தால் சருகு. பனை ஓலைக்கு மட்டும் தனிப் பெயர், காய்ந்தது காவோலை, இளசு குருத்தோலை. காவோலை விழக் குருத்தோலை சிரித்த கதை உங்கள் மாமனாருக்குத் தெரிந்திருக்கும், மலை ஏறும்போது பேரனிடம் சொல்லச் சொல்லுங்கள். மூச்சு வாங்குகிற நேரத்தில் கதை சொல்லும் சாக்கில் நின்றுகொள்ளலாம்.

சத்துவாச்சாரிக்காரன்:

ஐயா, இது தெரியாமல் நான் பையனிடம் "அடுத்த மாசம் வரும்டா" என்று மூணு மாசமாகச் சமாளித்துக்கொண்டிருந்தேன். புளிக்கார அண்ணா, ரொம்ப நன்றி. அப்போ மாசி, பங்குனியில் போனால் உச்சமாக இருக்குமா? மார்ச் கடைசியில் எல்லாருக்கும் லீவு போட வசதி.

ராயல் ரைடர் 632:

ப்ரோ, மார்ச்தான் சரியான நேரம். புரசம்பூ பூத்திருக்கும், ஒரு இலைகூட இல்லாமல் மரம் முழுக்க ஆரஞ்சு, படத்தில் பார்த்தால் நெருப்பு மாதிரியே இருக்கும். முள்ளிலவும் சிவப்பாகப் பூத்து முடிகிற நேரம். நாங்கள் எட்டுப் பேர் போன வருஷம் பைக்கில் போனோம், உள்ளே ஒரு ஒத்தையடிப் பாதையில் நாலு மணி நேரம் நடந்தோம், அனுமதியும் இல்லை ஒண்ணும் இல்லை, யாரும் கேட்கவில்லை. ராத்திரி மேலேயே நெருப்பு மூட்டிக் கோழி சுட்டோம். அனுமதி, வழிகாட்டி என்று போனால் அந்த ஜாலியே போயிடும்.

ஒடுகத்தூர் புளிக்காரர்:

தம்பி ராயல் ரைடர், உன் வயசுப் பேரன் எனக்கு இருக்கிறான், அதனால் ஒருமையில் எழுதுகிறேன். நீங்கள் எட்டுப் பேரும் உயிரோடு திரும்பியது சந்தோஷம். இனிமேல் அதைச் செய்யாதே, பொது இடத்தில் இன்னொருத்தருக்கு யோசனையாகவும் சொல்லாதே.

2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. கூட்டமாக மலை ஏறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தவர்கள் காட்டுத்தீயில் மாட்டினார்கள், 20-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் சின்ன வயசுப் பிள்ளைகள். மாதத்தைப் பார், நீ சொல்கிற அதே மார்ச். நாம் அழகு என்று பார்க்கப் போகிற சருகுதான் அங்கே எரிந்தது. முட்டி அளவு சருகும் காய்ந்த புல்லும் கிடக்கிற சரிவில் ஒரு பொறி விழுந்தால், தீ மேல்நோக்கி ஓடுகிற வேகத்துக்கு மனுஷன் ஓட முடியாது. சமதளத்தில் எரிவதைவிட ஏற்றத்தில் அது வேகமாகப் போகும், மேலே இருக்கிற புல்லைச் சூடாக்கிக்கொண்டே ஏறும். கீழே தீ, மேலே செங்குத்துப் பாறை, நடுவில் எட்டுப் பேர், கையில் சுட்ட கோழி. நினைத்துப் பார்.

அதற்கப்புறம்தான் 2018-இலேயே அரசாங்கம் மலையேற்றத்துக்குத் தனி விதி கொண்டுவந்தது. பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம், அந்த ரெண்டு மாசமும் காட்டுக்குள் மலையேற்றம் கிடையாது. வனத்துறை ஆட்கள் தீத்தடுப்புக் கோடு போட்டு, சருகைக் கூட்டி, ராத்திரி பகலாகக் காவல் இருப்பார்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போவது எந்த மாசமானாலும் குற்றம்தான், அதை யாரும் கேட்கவில்லை என்றால் யாரும் பார்க்கவில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

சத்துவாச்சாரி தம்பி, ஆகவே மார்ச் வேண்டாம். பொங்கலுக்கு அப்புறம், பிப்ரவரி 15-க்கு முன்னால். அந்த நாலு வாரம்தான் உங்களுக்கு. உச்சத்தைப் பார்க்க முடியாது, முக்கால் பங்கு பார்க்கலாம், அது போதும். புரசம்பூ ரோட்டோரத்திலேயே நிற்கும், மாசியில் வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ராயல் ரைடர் 632:

சரி தாத்தா. குரங்கணி நினைவில் இருக்கிறது, மாதத்தை இதோடு சேர்த்து யோசிக்கவில்லை. கோழி விஷயத்தை எழுதியிருக்கவே கூடாது.

ஜோலார்பேட்டை டீச்சர்:

சத்துவாச்சாரி சார், உங்கள் கூட்டத்துக்கு ஜவ்வாது மலைக் காட்டுக்குள் நடப்பதைவிட ஏலகிரி சுவாமிமலை சரியாக இருக்கும் என்பது என் கருத்து. அரசே 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு என்று 40 பாதைகளைத் திறந்தது, அதில் நம்ம திருப்பத்தூர் மாவட்டத்தில் சுவாமிமலையும் ஜலகம்பாறையும் இருக்கின்றன. இணையத்தில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார், அனுமதிக் கவலை இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு என்ன விதி என்று பதிவு செய்யும்போதே பார்த்துவிடுங்கள். 14 கொண்டை ஊசி வளைவுக்கும் தமிழ்ப் புலவர், வள்ளல் பெயர்தான், புலவர் ஐயாவுக்குப் பிடிக்கும். உங்கள் பையனை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லுங்கள், வாந்தி வராமல் இருக்க அது ஒரு வழி.

பர்வதமலையைக் கேட்டிருந்தீர்கள். 4,500 அடிக்கு மேல், மேலே போகப்போக இரும்புக் கம்பியையும் சங்கிலியையும் பிடித்துத்தான் ஏற வேண்டும். முட்டி வலிக்காரரை அங்கே கூட்டிப்போனால் மல்லிகார்ஜுனர் உங்களை மன்னித்தாலும் மாமியார் மன்னிக்க மாட்டார்.

இப்போது எங்கள் கதை. தை மாசம், பள்ளி ஆசிரியைகள் 11 பேர், எங்கள் வீட்டு ஆட்கள், பிள்ளைகள் என்று மொத்தம் 18 பேர் சுவாமிமலை ஏறினோம். இந்தப் பதிவு முறையெல்லாம் வருவதற்கு முன்னால், மங்கலம் கிராமத்திலிருந்து நாங்களே கிளம்பினோம். ஏறும்போது ஒரு குறையும் இல்லை. வழியெல்லாம் மஞ்சள் இலை, சருகு காலில் நொறுங்குகிற சத்தம், பாட்டு, சிரிப்பு. உடற்கல்வி ஆசிரியை முன்னால் வேகமாகப் போனார், அவர் பின்னாலேயே நாலு பிள்ளைகள் ஓடினார்கள். நான் நடுவில். கடைசியில் யார் என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது, அதுதான் தப்பு.

மேலே போய் எலுமிச்சை சாதத்தைப் பிரித்து வைத்துவிட்டு எண்ணினால் 15. மறுபடி எண்ணினோம், 15. எனக்குக் கை நடுங்கிவிட்டது. போனில் சிக்னல் ஒரு கோடு வருகிறது, போகிறது. சருகு மூடியிருந்ததால் பாதை எது, சும்மா சரிவு எது என்று கீழே பார்த்தால் தெரியவே இல்லை, மழைக்காலத்தில் தெளிவாகத் தெரிகிற மண் பாதை முழுக்க ஒரே மெத்தை. கணக்கு ஆசிரியையும் அவர் கணவரும் மாமியாரும் செருப்பு வார் அறுந்ததால் பின்தங்கி, வேறு ஒரு ஆட்டுத்தடத்தில் இறங்கிப் போயிருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து ஆடு மேய்க்கிற அண்ணன் ஒருத்தர் அவர்களைக் கூட்டி வந்து விட்டார். அந்த அம்மாவுக்கு 67 வயது, சிரித்துக்கொண்டே வந்தார், "எனக்குத் தெரியும்டி, ஆட்டுப் புழுக்கை இருந்தா ஆள் வருவான்னு உட்கார்ந்துட்டேன்" என்றார். நகராமல் ஒரே இடத்தில் உட்கார்ந்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது.

இறங்கும்போது நான் விழுந்தேன். பாறை மேல் கிடக்கிற சருகு கோலிக்குண்டு மாதிரி, கால் வைத்த உடனே உருளும். நல்ல தடம் இருக்கிற ஷூ வேண்டும், புதுசு வேண்டாம், பழகினது. ஏற்றத்தைவிட இறக்கத்துக்குத்தான் முட்டி வேண்டும், உங்கள் மாமனாருக்குக் கையில் ஒரு தடி கட்டாயம். சருகுக்குள் பாம்பு இருக்கலாம், கண்ணாடி விரியன் நிறமும் சருகு நிறமும் ஒன்றுதான், தடியால் தட்டிக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள். யாரும் சென்ட் அடித்துக்கொண்டு வர வேண்டாம், தேன்கூடு இருக்கிற மலை.

அதற்கப்புறம் எங்கள் பள்ளியில் ஒரு பழக்கம். மலையோ சுற்றுலாவோ, வாயாடாத ஒருத்தரைக் கடைசி ஆளாகப் போட்டுவிடுவோம். அவர் யாரையும் தாண்டிப் போகக் கூடாது, எவ்வளவு மெதுவாக நடந்தாலும் சரி. முன்னால் போகிறவர் ஒவ்வொரு திருப்பத்திலும் கடைசி ஆள் முகம் தெரியும் வரை நிற்க வேண்டும்.

குடியாத்தம் டு பாஸ்டன்:

டீச்சர் சொன்ன கடைசி ஆள் விஷயத்தை இங்கேயும் கண்டிப்பாகப் பின்பற்றுவார்கள். நான் குடியாத்தம், இப்போது பாஸ்டன் பக்கம். உங்கள் சித்தப்பா பெண் போடுகிற மாதிரிப் படங்களை ஊருக்கு அனுப்பிப் பெருமை அடித்துக்கொள்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தன்.

இங்கிருந்து ரெண்டு ரெண்டரை மணி நேரம் வடக்கே போனால் நியூ ஹாம்ப்ஷயரில் ஒயிட் மவுண்டன்ஸ். செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை நிறம் உச்சத்தில் இருக்கும். பச்சையம் சிதைந்ததும், முன்பே இலைக்குள் ஒளிந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படி இல்லை, பகலில் நல்ல வெயிலும் ராத்திரியில் குளிரும் இருந்தால் இலையே அதைப் புதிதாகத் தயாரிக்கிறது. மேப்பிள் மரம் இதில் கில்லாடி. அதனால் ஒவ்வொரு வருஷமும் நிறம் ஒரே மாதிரி இருக்காது, மழையும் குளிரும் எப்படி வந்தது என்பதைப் பொறுத்தது.

படத்தில் தெரியாததைச் சொல்கிறேன். அக்டோபர் ரெண்டாவது திங்கள் லீவு நாளில் போனோம், 12 தமிழர்கள், மூணு கார். கான்கமாகஸ் நெடுஞ்சாலையில் இலை பார்க்க வந்த கூட்டம், காட்பாடி மேம்பாலத்தில் ஸ்கூல் விடுகிற நேரம் மாதிரி. வண்டி நிறுத்த இடம் கிடைத்து நடக்க ஆரம்பித்தபோது மணி 11 தாண்டிவிட்டது. மேலே போகப்போகக் காற்று, குளிர். கீழே 18 டிகிரி, உச்சியில் கை விறைக்கிறது. நம்மாள் ஒருத்தர் காட்டன் டீ-ஷர்ட், ஜீன்ஸ், வேர்வையில் நனைந்து அப்படியே குளிரில் நடுங்க ஆரம்பித்துவிட்டார். ஆறே கால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிட்டது, 12 பேருக்கு ரெண்டு டார்ச். புளியோதரைப் பொட்டலம் மட்டும் ஆளுக்கு மூணு. இறங்கி வர எட்டரை ஆனது. அந்தக் கடைசி ரெண்டு மணி நேரத்தில் ஒரு படம்கூட எடுக்கவில்லை, அதனால் ஊரில் இருப்பவர்களுக்கு அது தெரியாது.

நம்ம பக்கம் குளிர் பிரச்சினை இல்லை, வெயிலும் தண்ணீரும்தான். இலை இல்லாத காட்டில் நிழல் இருக்காது, இதை யாரும் யோசிப்பதில்லை. காலை ஆறரைக்கு ஏற ஆரம்பித்து பத்தரைக்குள் கீழே வந்துவிடுங்கள். ஆளுக்குக் குறைந்தது ரெண்டு லிட்டர் தண்ணீர், அதை அவரவரே தூக்க வேண்டும், "நான் கொண்டு வரேன் எல்லாருக்கும்" என்று சொல்கிற நல்லவர் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார்.

இன்னொன்று, இதை எழுதும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. குடியாத்தத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு பாதாம் மரம், நாட்டு வாதுமை. அதன் இலை விழுவதற்கு முன்னால் நல்ல ரத்தச் சிவப்பாகும். சின்ன வயசில் அதைக் கூட்டிக் குவித்துக் கொளுத்தியிருக்கிறேனே தவிர ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. போன தடவை ஊருக்கு வந்தபோது பார்த்தேன், மேப்பிளுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும், பையனுக்குக் காட்டுங்கள்.

கோட்டை அகழி:

பாதாம் மரம் எங்கள் காம்பவுண்டிலேயே இருக்கிறது. இலை வடிகாலை அடைக்கிறது என்று வெட்டச் சொல்லி மூணு வருஷமாகக் கூட்டத்தில் தீர்மானம் போடுகிறார்கள், நானும் கை தூக்கியிருக்கிறேன். அடுத்த தடவை தூக்க மாட்டேன் போல.

சத்துவாச்சாரிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி, எல்லாப் பதிலையும் வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். முடிவு இதுதான். ஜனவரி கடைசி சனி, ஞாயிறு. சனிக்கிழமை காலை ஒடுகத்தூர் வழியாக ஜமுனாமரத்தூர், ரோட்டிலிருந்தே பார்ப்பது, காட்டுக்குள் போகவில்லை, கோலப்பன் ஏரியில் பிள்ளைகளுக்குப் படகு. சாயங்காலம் காவலூர் வானாய்வகம், சனிக்கிழமைதான் பொதுமக்களை விடுகிறார்களாம், தை மாசம் மழை மேகம் இருக்காது என்று தம்பி சொல்கிறான். 1986-இல் திறந்த 93 அங்குலத் தொலைநோக்கி இன்னும் அங்கே இருக்கிறது, மாமனாருக்கு அதில்தான் ஆசை, இலையில் இல்லை. ராத்திரி ஏலகிரியில் தங்கல். ஞாயிறு விடியற்காலை சுவாமிமலை, பதிவு செய்தபின் வழிகாட்டியோடு.

கடைசி ஆள் யார் என்று வீட்டில் வாக்கெடுப்பு நடந்தது, என் மனைவியின் அண்ணன் தேர்வானார். அவர் வாயாடாதவர் இல்லை, ஆனால் மெதுவாக நடப்பதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

புளிக்கார அண்ணா, ஒரே ஒரு சந்தேகம். ஜமுனாமரத்தூரில் 14 பேருக்கு மத்தியானச் சாப்பாடு கிடைக்குமா? சாமைச் சோறு சாப்பிட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை.

ஒடுகத்தூர் புளிக்காரர்:

சாப்பாடு கிடைக்கும், ஆனால் சாமைச் சோறு கடையில் போய் உட்கார்ந்து கேட்டால் வராது, முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், பழக்கப்பட்ட வீடு ஒன்று இருக்கிறது, கேட்டுச் சொல்கிறேன். தேன் வாங்கினால் சொசைட்டியில் வாங்குங்கள், ரோட்டில் பாட்டிலில் விற்பதில் பாகு இருக்கும்.

வண்டி ஓட்டுகிறவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். அந்த மாசத்தில் தார் ரோட்டில் பாதியை மறைத்து எதையாவது காயப் போட்டிருப்பார்கள், அதன் மேல் ஏற்றாமல் ஒதுங்கிப் போகச் சொல்லுங்கள்.

ஜோலார்பேட்டை டீச்சர்:

செருப்பு வாரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள் சார்.